பல்கலைக்கழக அலுவலக வேலை: உங்களுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது?

கேள்வி: எனக்கு 30 வயது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயம். எம்.காம். முடித்திருக்கிறேன், 61 சதவீதம். நான்கு வருடமாக ஒரு சுயநிதிக் கல்லூரி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். சம்பளம் 14 ஆயிரம். போன வருடம் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் யு.டி.சி. என்கிற மேல்நிலை எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தேன். தகுதி இல்லாதவர்கள் பட்டியலில் என் பெயர் வந்தது. டிகிரி இருந்தால் போதும் என்கிற வேலைக்கு எம்.காம். படித்தவள் எப்படித் தகுதி இல்லாமல் போவாள்? இப்போது அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், வேறொரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலை வாங்கித் தருகிறேன், இரண்டு வருடத்தில் நிரந்தரமாகிவிடும் என்று சொல்லி நான்கு லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டுமாம். என்ன செய்வது? பல்கலைக்கழகத்தில் எந்த வேலை எனக்குப் பொருந்தும்?

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் கெடு இருக்கிறது. அந்த நான்கு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். இன்றைக்கே அப்பாவிடம் உட்கார்ந்து பேசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியைச் சாவகாசமாகப் படிக்கலாம்.

நான் 31 வருடம் பல்கலைக்கழக அலுவலகங்களில் இருந்தவன். எழுத்தராகச் சேர்ந்து துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். வேலைக்கு வந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் விண்ணப்பம் அந்த மேசையில் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குக் கண்ணால் பார்த்தது போலத் தெரிகிறது.

நீளமான மேசை. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஆளுக்கொரு கட்டு. பக்கத்தில் கட்டம் போட்ட தாள்: வயது, பட்டம், சதவீதம், அனுபவம், சாதிச் சான்றிதழ், கட்டணம், கையெழுத்து. ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், ஏனென்றால் நான்கு இடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். மதிப்பெண் பட்டியல்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, அழகாக நூல் கோத்து அனுப்பியிருப்பார்கள். பட்டம் சரி, சதவீதம் சரி என்று விரல் நகர்ந்துகொண்டே வரும். அனுபவக் கட்டத்தில் வந்ததும் நிற்கும். கல்லூரி முதல்வர் லெட்டர்பேடில் 'நான்கு வருடம் கணக்கு உதவியாளர், நன்னடத்தை உடையவர்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. இருக்காது. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணோ பையனோ கட்டணம் கட்டி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பதவிக்கு அவர்கள் விண்ணப்பித்திருக்கவே கூடாது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யு.டி.சி. என்பது டிகிரி மட்டும் கேட்கும் வேலை இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் விதிப்படி, பட்டத்தோடு எல்.டி.சி. என்கிற கீழ்நிலை எழுத்தராகவோ அதற்குச் சமமான பதவியிலோ இரண்டு வருட அனுபவம் வேண்டும். அந்த அனுபவமும் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிறுவனம், மத்திய மாநில அரசு, பொதுத்துறை, தன்னாட்சி அமைப்பு ஆகியவற்றில் இருக்க வேண்டும். தனியார் என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 200 கோடி ரூபாய் வரவுசெலவு உள்ள பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும். அங்கே வாங்கும் சம்பளமும் அந்தப் பதவிக்கு இணையாக இருக்க வேண்டும். நீங்கள் நான்கு வருடம் பார்த்திருப்பது உண்மையான வேலைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த விதியின் கணக்கில் அது ஒரு நாள்கூட ஏறாது. உங்களைத் தள்ளியது படிப்பு இல்லை, இந்த ஒரு வரிதான்.

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. பல்கலைக்கழக அலுவலகத்தை ஒரு ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் எம்.டி.எஸ். என்கிற பல்நோக்குப் பணியாளர், அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாயில் தொடங்கும். அதற்கு மேல் எல்.டி.சி., 19,900. அப்புறம் யு.டி.சி., 25,500. உதவியாளர் 35,400. பிரிவு அலுவலர் 44,900. உதவிப் பதிவாளர் 56,100. துணைப் பதிவாளர் 78,800. உச்சியில் பதிவாளர், 1,44,200. இவை ஏழாவது ஊதியக்குழுவின் தொடக்க எண்கள். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதற்கு மேல் சேரும். பதிவாளருக்கு இணையாகத்தான் நிதி அலுவலரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் வருவார்கள்.

இந்த ஏணியில் வெளியாள் கால் வைக்கக்கூடிய படி எது என்பதுதான் கேள்வி. யு.டி.சி.க்கு எல்.டி.சி. அனுபவம் கேட்பார்கள். உதவியாளருக்கு மூன்று வருட யு.டி.சி. அனுபவம். பிரிவு அலுவலருக்கு உதவியாளராக இருந்த அனுபவம். ஆக நடுப்படிகள் எல்லாம் ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கும், வேறு அரசு அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்கும்தான். அறிவிப்பில் 'நேரடி நியமனம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எல்லோருக்கும் பொது என்ற அர்த்தம் இல்லை.

வெளியிலிருந்து வருகிறவருக்கு முக்கியமாக இரண்டு வாசல். ஒன்று எல்.டி.சி. பட்டப்படிப்பு, கணினியில் வேலை தெரிந்திருப்பது, ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் அல்லது இந்தியில் 30 சொல் தட்டச்சு, இவ்வளவுதான். அனுபவம் கேட்கமாட்டார்கள். இரண்டாவது வாசலைப் பலர் பார்ப்பதே இல்லை: உதவிப் பதிவாளர். முதுநிலைப் பட்டம், குறைந்தது 55 சதவீதம். நேரடி நியமனத்துக்கு அடிப்படைத் தகுதி அவ்வளவே. உங்களுக்கு 61 இருக்கிறது. நீங்கள் யு.டி.சி.க்குத் தகுதி இல்லை, ஆனால் அதைவிட மூன்று படி மேலே இருக்கிற உதவிப் பதிவாளருக்குத் தகுதி உண்டு. கேட்க விசித்திரமாக இருக்கும், விதி அப்படித்தான் இருக்கிறது. நான் பார்த்த பல எம்.காம்., எம்.எஸ்சி. பட்டதாரிகள் 'அது பெரிய வேலை, நமக்கு எங்கே கிடைக்கும்' என்று அதற்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள். அது பெரிய வேலைதான். ஓர் அறிவிப்பில் ஒன்றோ இரண்டோ இடம்தான் வரும், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கும், நாடெங்கும் இருந்து போட்டிக்கு வருவார்கள். கிடைப்பது கஷ்டம் என்பதற்காகப் போடாமலே இருந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் போடுங்கள்.

வயதையும் பார்த்துவிடலாம். எல்.டி.சி.க்குப் பெரும்பாலான அறிவிப்புகளில் மேல்வரம்பு 32 என்றிருக்கும், சில இடத்தில் அதைவிடக் குறைவு. உதவிப் பதிவாளருக்கு 40. ஓ.பி.சி. என்றால் மூன்று வருடம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் ஐந்து வருடம் தளர்வு உண்டு. ஆனால் அந்தத் தளர்வு உங்கள் பிரிவுக்கு ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பித்தால்தான். பொது இடத்துக்குப் போட்டால் கிடையாது. ஆக எல்.டி.சி.யைப் பொறுத்தவரை அடுத்த இரண்டு வருடம் உங்களுக்கு ரொம்ப முக்கியம். அடுத்த அறிவிப்பு வரட்டும், அப்புறம் தட்டச்சு படிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இணைத்துவிடுகிறார்கள். அது செல்லாது. மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி, அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. கிரீமிலேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும், அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராக இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இருக்காது. அதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். உங்கள் கல்லூரிச் சம்பளத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், வரம்பில் பார்ப்பது பெற்றோரின் நிலையைத்தான். எட்டு லட்சம் என்ற வருமான வரம்பில் விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையிலும் நாள் போய்விடும். ஓர் உதவிப் பதிவாளர் தேர்வில், ஓ.பி.சி. இடம் ஒன்று காலியாக இருந்தும், தகுதியான பெண் ஒருத்தி பழைய எம்.பி.சி. அட்டையை இணைத்ததால் அவளைப் பொதுப்பிரிவில்தான் வைக்க முடிந்தது. அந்த விண்ணப்பம் என் கையில் இருந்த கட்டில்தான் வந்தது. இன்றைக்கும் எனக்கு அது மறக்கவில்லை.

இப்போது அந்த நான்கு லட்சத்துக்கு வருகிறேன்.

அவர் சொல்வதில் இரண்டு வாக்குறுதி இருக்கிறது: வேலை வாங்கித் தருவது, அது நிரந்தரமாவது. முதலாவது நடந்தாலும் நடக்கலாம். பல்கலைக்கழகங்களில் தொகுப்பூதியம், தினக்கூலி, அவுட்சோர்சிங் என்று ஆள் எடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. பல இடங்களில் அந்த ஆட்கள்தான் அலுவலகத்தையே தாங்குகிறார்கள். இரண்டாவதை வாக்குக் கொடுக்க அவருக்கு மட்டும் இல்லை, துணைவேந்தருக்கே அதிகாரம் கிடையாது. 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: அறிவிப்பு, போட்டி, ஒப்புதல் பெற்ற பணியிடம் என்ற முறையில் வராமல் தற்காலிகமாக வந்தவர், வருடக்கணக்கில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது. அண்மையில், 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு ஆதரவாக அதே நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. உழைத்தவர்களைக் காலம் பூராவும் தற்காலிகம் என்றே வைத்திருக்காதே என்றது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் நீதிமன்றப் படி ஏறி, பல வருடம் காத்திருந்து வாங்கியது அது. இரண்டு வருடத்தில் தானாக வந்துவிடவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு தம்பி இருந்தார். என் பிரிவில்தான் இருந்தார், அதனால் நன்றாகத் தெரியும். யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்துத் தினக்கூலியாக வந்தவர். தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளைச் சரிபார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தக் கல்லூரிக் கட்டு எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பதினோரு வருடம். ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வருடம் ஆணை வந்துவிடும் என்பார். ஆண்டு முடிவில் இரண்டு நாள் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள், தொடர்ச்சி வரக்கூடாது என்பதற்காக. அந்த இரண்டு நாளும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் வயது வரம்பு தாண்டிவிட்டது, எந்தத் தேர்வுக்கும் போட முடியவில்லை. பணம் வாங்கியவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதுதான். நான்கு லட்சத்தை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். 30 முதல் 33 வரை இருக்கிற வயதைத் திரும்ப வாங்க முடியாது. உள்ளே போய்விட்டோம் என்ற நினைப்பிலேயே படிப்பு நின்றுவிடும்.

சட்டத்தையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். இடையில் இருப்பவர் கையில் கொடுத்தாலும், அரசு ஊழியர் ஒருவரைச் செய்யவைக்க என்று கொடுத்தால் குற்றம்தான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு மட்டும், ஏழு நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. அப்புறம், பணம் போனால் போய்ப் புகார் சொல்லவும் முடியாது. என்ன சொல்வீர்கள், வேலை வாங்கப் பணம் கொடுத்தேன் என்றா?

அவர் பேச்சில் 'நேர்காணலில் நம்ம ஆள் இருக்கிறார்' என்று ஒரு வரி வந்தால், அதற்கும் ஒரு பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் எல்.டி.சி. போன்ற குரூப் சி பதவிகளுக்கும், கெசட்டட் அல்லாத குரூப் பி பதவிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான் செய்கின்றன. எல்.டி.சி.க்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் வரிசையைத் தீர்மானிக்கும். தட்டச்சில் தேறினால் போதும். அங்கே யாரும் யாருக்கும் மார்க் கூட்டிப் போட இடம் இல்லை. என் அனுபவத்தில், இந்த மாற்றம் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் துணிந்து வர ஆரம்பித்தார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் முதல் அண்மைக் காலத்தில் வந்தவை வரை நிறைய இருக்கின்றன. அங்கே நிரந்தர அலுவலகப் பணியிடத்துக்குப் புது அறிவிப்பு வருவது அபூர்வமாகிவிட்டது. பணத் தட்டுப்பாடு ஒரு காரணம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டபோது, தேவைக்கு மேல் இருந்த ஆயிரக்கணக்கான பணியாளர்களை மாநிலமெங்கும் உள்ள கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் சட்டென்று ஆள் எடுப்பதில்லை. மாநிலத்தில் அறிவிப்பு வந்தால் போடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, குரூப் 2 எழுதுகிறீர்கள் என்றால் அதை விடாதீர்கள். பொது அறிவு, திறனறிவுப் படிப்பு இரண்டுக்கும் பொதுதான்.

பார்க்க வேண்டிய இடங்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். 1985இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கின்றன. கேரளத்தில் காசர்கோடு, ஆந்திரத்தில் அனந்தபூர், தெலங்கானாவில் ஹைதராபாத் வரை உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போகத் துணிவு இருந்தால் இன்னும் வாய்ப்பு கூடும். திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்றவற்றில் இதே வேலையை இளநிலை உதவியாளர் என்பார்கள், சம்பளம் எல்.டி.சி.யைவிட ஒரு படி கூட, 21,700. அவரவர் இணையதளத்தில் வாரம் ஒரு முறை பாருங்கள். டெலிகிராமில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள், கடைசி நாள் தப்பாக இருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பல 'சமர்த்' என்ற தளத்தில்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. ஆன்லைனில் போட்டதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் அச்செடுத்த பிரதியையும் தபாலில் அனுப்பச் சொல்வார்கள், அதற்குத் தனிக் கடைசி நாள் இருக்கும். அதைப் படிக்காமல் விட்டு நின்றுபோன விண்ணப்பங்கள் ஒரு பீரோ நிறைய இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டு வருவது நல்லது. எல்.டி.சி. வேலை என்றால் தபாலைப் பதிவேட்டில் ஏற்றுவது, கோப்பில் பக்க எண் போடுவது, குறிப்பு எழுதி மேலே அனுப்புவது. முதல் வருடம் சலிப்பாக இருக்கும். கணக்குப் பிரிவில் போட்டால் உங்களுக்குச் சிரமமே இருக்காது, பில், வவுச்சர், தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எல்லாம் நீங்கள் இப்போது செய்வதுதான், விதிகள் மட்டும் வேறு. தேர்வுப் பிரிவு என்றால் சீசன் நேரத்தில் ராத்திரி எட்டு மணி ஆகும். உதவிப் பதிவாளர் என்றால் ஒரு பிரிவே உங்கள் பொறுப்பு. கீழிருந்து வரும் குறிப்பில் எந்த விதி விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், உங்களைவிட இருபது வயது மூத்தவரிடம் வேலை வாங்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

ஒருநாள் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஒரு பையன் வந்தான். வெளிமாநிலத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, மறுநாள் காலையில் இடம்பெயர்வுச் சான்றிதழ் இருந்தால்தான் சேர்ப்பார்களாம். ராத்திரி ரயில். கணினியில் அவன் கட்டணம் ஏறவில்லை, அதனால் சான்றிதழ் தயாராகவில்லை. எங்கள் எல்.டி.சி. பெண் ஒருத்தி, வேலைக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் இருக்கும், பையைத் தோளில் மாட்டியவள் திரும்ப இறக்கி வைத்தாள். வங்கிச் சலான் கட்டை எடுத்துத் தேதிவாரியாகப் புரட்டினாள். பதிவு எண்ணில் ஒரு இலக்கம் மாறி வேறொருவன் கணக்கில் ஏறியிருந்தது. அதைக் குறிப்பு எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, ஆறரைக்குச் சான்றிதழை அவன் கையில் கொடுத்தாள். பையன் ஓடியே போனான். இந்த வேலையில் அப்படி நாட்களும் உண்டு. நீங்கள் நான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறீர்கள், சலான் கட்டுக்குள் ஒரு எண்ணைத் தேடிப் பிடிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலை உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

படிப்பு விஷயம். எல்.டி.சி. தேர்வில் பொது அறிவு, திறனறிவு, கணக்கு, ஆங்கிலம், கணினி எல்லாம் வரும். பல இடங்களில் விரிவாக எழுதும் தாள் ஒன்றும் இருக்கும். கடிதம், சுருக்கம், குறிப்பு என்று. நம் பிள்ளைகள் கொள்குறித் தாளில் நன்றாக வாங்கிவிட்டு இதில் விட்டுவிடுகிறார்கள். தினமும் ஒரு ஆங்கிலக் கடிதம் எழுதிப் பாருங்கள், அலுவலக நடையில், ஒரு பக்கம் போதும். தட்டச்சுக்கு இன்றைக்கே பக்கத்து டவுனில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் சேருங்கள். அரசு தட்டச்சுத் தேர்வில் லோயர் என்பது நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45 சொல். லோயர் பாஸ் பண்ணினால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள், கேட்பது 35. ஹையர் வரை போனால் தேர்வறைப் பதற்றத்தில் வேகம் குறைந்தாலும் சமாளிக்கலாம். இயந்திரத்தில் பழகுகிறவர்கள் வீட்டில் கணினிக் கீபோர்டிலும் அடித்துப் பழக வேண்டும், விரலின் அழுத்தமே வேறு.

உதவிப் பதிவாளர் தேர்வுக்குப் படிப்பது வேறு மாதிரி. மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2009, பொது நிதி விதிகள் 2017, தகவல் உரிமைச் சட்டம் 2005, மத்தியப் பணியாளர் விடுப்பு விதிகள் 1972, ஒழுங்கு நடவடிக்கை விதிகள் 1965, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, யு.ஜி.சி. விதிமுறைகள், புதிய கல்விக் கொள்கை. பார்க்க மலைப்பாக இருக்கும். பொது நிதி விதிகளில் ஆரம்பியுங்கள், எம்.காம். படித்தவருக்கு அது கதைப்புத்தகம் மாதிரி ஓடும். கொள்முதல், டெண்டர், முன்பணம் பற்றிய பகுதிகளை மட்டும் முதலில். ஒரு மாதம் போதும். சட்டங்களை இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், கோச்சிங் சென்டரில் பணம் கட்ட வேண்டியதில்லை.

இப்போதுள்ள வேலையை விட்டுவிட வேண்டாம். சம்பளம் குறைவுதான், ஆனால் கையில் இருக்கட்டும். அப்பாவிடம் பேசும்போது கோபப்படாதீர்கள். அவர் பெண்ணுக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்ற தவிப்பில்தான் நகையைத் தொட நினைக்கிறார். இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள். கெடு கொடுத்தவர் மறுபடி வந்தால், 'எந்த அறிவிப்பு, தேதி என்ன, எத்தனை இடம், ஒப்புதல் பெற்ற பணியிடமா' என்று நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் ஓ.பி.சி. என்றால் அந்தச் சான்றிதழுக்கு இந்த வாரமே போடுங்கள். அடுத்த எல்.டி.சி. அறிவிப்பு வந்ததும், விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன், பூர்த்தி செய்த படிவத்தை ஒருமுறை இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள். அனுபவக் கட்டத்தையும் சான்றிதழ் படிவத்தையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.